கேளுங்க சார்: நஷ்டத்துலயும் டீமை விடாத ஓனர்

கேள்வி: டீம் வருஷக்கணக்கா தோத்தாலும் காசு போட்டுக்கிட்டே இருக்குற ஓனர் நிஜமாவே யாராச்சும் இருக்காங்களா சார்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இருக்காருங்க. இங்கிலாந்துல பிரைட்டன் ஃபுட்பால் கிளப்போட ஓனர் டோனி ப்ளூம். 1997ல அந்த கிளப்புக்கு சொந்த கிரவுண்டே கிடையாது, இருந்ததை வித்துட்டாங்க, ரெண்டு வருஷம் வேற ஊர்ல போய் ஹோம் மேட்ச் ஆடினாங்க, அப்புறம் வித்டீன்னு ஒரு ஓட்டப்பந்தய மைதானத்துல 2011 வரைக்கும் ஒண்டுக்குடித்தனம். 2009ல ப்ளூம் கிளப்பை கையில எடுத்தப்போ டீம் மூணாவது டிவிஷன்ல கெடக்கு. மனுஷன் போக்கர் ஆடி, பந்தயக் கணக்கு போட்டு சம்பாதிச்சவர், ஆனா இங்க மட்டும் அவசரமே படல. புது ஸ்டேடியம் கட்ட கடன் குடுத்தாரு, வட்டியே இல்லாம! (நம்மூர் ஃபைனான்ஸ்காரங்க படிச்சா மயங்கிருவாங்க.)

ரெண்டாவது டிவிஷனுக்கு வந்தப்புறம், 2013, 2014னு ரெண்டு தடவை ப்ளே-ஆஃப்ல (மேல் டிவிஷனான பிரீமியர் லீக்குக்கு ஏற கடைசி வாய்ப்பா நடக்குற மேட்ச்) அவுட், 2015ல கீழ இறங்காம தப்பிச்சதே பெருசு, 2016ல பாயிண்ட் சமமா இருந்தும் கோல் வித்தியாசத்துல நேரடி புரமோஷன் போச்சு, மறுபடி ப்ளே-ஆஃப்ல தோல்வி. வேற ஓனரா இருந்தா கோச்சை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருப்பாரு. இவரு கிறிஸ் ஹியூட்டனை அப்படியே வச்சிக்கிட்டாரு, 2017ல பிரீமியர் லீக் வந்தாச்சு. எனக்கு 2016ல கோச்சை மாத்தாம எடுத்த அந்த முடிவுதான் பெருசா தெரியுது. காசு யாரு வேணா போடலாம்ங்க.