பைனான்சியருக்கு வீட்டைக் கிரயம் செய்து கொடுக்கலாமா?

சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "கொரோனாவில் கணவரின் கடை மூடப்பட்டதால் வீட்டுக் கடன் தவணைகள் நின்றுபோயின. மைத்துனர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் நின்றதில் சிபில் மதிப்பெண் 560-க்கு இறங்கிவிட்டது. எங்கள் கடனை எடுத்துக்கொள்ள வேறெந்த வங்கியும் முன்வரவில்லை. வங்கி மேலாளர் எங்களை அவமானப்படுத்திப் பேசினார். பாக்கியைக் கட்டாவிட்டால் வீட்டை வங்கியே எடுத்து விற்கும் என்ற சர்ஃபாசி நோட்டீஸும் சென்ற மாதம் வந்துவிட்டது. வீட்டைத் தன் பெயருக்குக் கிரயம் செய்து கொடுத்தால் பாக்கியை அடைப்பதாகவும், இரண்டு ஆண்டுகளில் பணத்தைத் திருப்பினால் வீட்டைத் திரும்ப எழுதித் தருவதாகவும் உள்ளூர் பைனான்சியர் ஒருவர் சொல்கிறார். சம்மதிக்கலாமா?"

மேலாளரின் பேச்சும் மைத்துனரின் நடத்தையும் உங்கள் வீட்டைக் காப்பாற்றப் பயன்படா. திரும்ப எழுதித் தருவதாகச் சொன்ன வாக்குறுதி எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்பது ஒன்றே இங்குக் கேள்வி.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(சி) பிரிவின்படி, திருப்பி எழுதிக் கொடுக்கும் நிபந்தனை கிரயப் பத்திரத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால்தான் அதனை அடமானமாகக் கருத முடியும். வாய்மொழியாகச் சொன்னதும், தனித்தாளில் எழுதியதும் அந்தத் தகுதியைப் பெறா. அடமானமாக இருந்தால் சொத்தை மீட்க வழக்குத் தொடர 30 ஆண்டுகள் உண்டு. தனி ஒப்பந்தமாக இருந்தாலோ, குறித்த தேதிக்குள் முழுப் பணத்தையும் செலுத்தாவிட்டால் உரிமையே போய்விடும். இத்தகைய ஒப்பந்தங்களில் கெடுவை நீதிமன்றங்கள் கண்டிப்பாகவே பார்க்கின்றன. 'உண்மையில் இது கடன்தான், கிரயம் பெயரளவுக்குத்தான்' என்று வாதிடச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பதிவு செய்த பத்திரத்துக்கு எதிராக அதை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. அதற்குள் பைனான்சியர் வீட்டை மூன்றாம் நபருக்கு விற்றிருப்பார். பத்திரம் எழுதிய அன்றே 'வாடகைதாரர்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு காலி செய்யச் சொல்லும் வழக்கோடு என்னிடம் வந்தவர்கள் பலர். ஒருவரும் பத்திரத்தை முழுதாகப் படித்திருக்கவில்லை. கிரயத்துக்குப் பதில் பவர் பத்திரம் கேட்டாலும் ஆபத்து குறைவதில்லை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவின்படி வங்கி அனுப்பும் நோட்டீஸ் கிடைத்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வமான முன் சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ அதே சட்டத்தின் 13(13) பிரிவு தடை செய்கிறது. மீறுவது தண்டனைக்குரிய குற்றம்; அந்த வழக்கில் நிற்கப்போவது நீங்கள்தான்.

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன்: இந்த மதிப்பெண்ணோடு கடனை மாற்றுவது இப்போது நடக்காது. வங்கியுடன் சமரசம் பேசுங்கள். ஒரே தவணைத் தீர்வை (பாக்கியில் ஒரு பகுதியை வங்கி விட்டுக்கொடுக்க, மீதியை மொத்தமாகக் கட்டிக் கடனை முடிப்பதை) உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறிவிட்டது. அதனால் பேரம் பேசும்போது கையில் ரொக்கம் இருக்க வேண்டும். தீர்வு கிடைத்தாலும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' (முழுத் தொகையும் கட்டாமல் முடித்தது) என்ற குறிப்பு தங்கும். ரொக்கம் இல்லையென்றால் வீட்டை நீங்களே சந்தை விலைக்கு விற்றுக் கடனை முடிப்பதுதான் வழி. ஏலத்தில் அந்த விலை பெரும்பாலும் கிடைப்பதில்லை. 2016 திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுப் பாக்கியையும் கட்டினால்தான் மீட்கும் உரிமை உண்டு என்பதால் காலம் குறைவு. முதலில் விற்பனைக்குச் சம்மதம் கேட்டு வங்கிக்குக் கடிதம் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். எழுத்தில் சம்மதம் வரும்வரை, வாங்க வருபவரிடம் முன்பணம் பெறவேண்டாம்.