கட்டடக் கலைஞருக்கும் உள்ளக வடிவமைப்பாளருக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேருக்கும் படம் கீறியவனின் பதில்

"யாழ்ப்பாணத்தில் 2 பரப்புக் காணியில் வீடு கட்டப் போகிறோம். பிளானுக்கு ஒரு ஆர்க்கிடெக்டைப் பிடித்தாயிற்று. இப்போது இன்டீரியர் டிசைனரும் வேண்டும் என்கிறார்கள். இரண்டு பேர் செய்வதும் ஒரே வேலைதானே, ஏன் இரண்டு தரம் காசு கொடுக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அந்த இரண்டு பேரில் ஒருவனும் இல்லை. படவரைஞர், எங்கள் ஊர்ப் பேச்சில் பிளான் கீறுகிற ஆள். பதினேழு வருடமாகக் கீறுகிறேன். முதல் எட்டு வருடம் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் இருந்தேன். பிறகு வெளியே வந்து, அவர் தருகிற வேலையோடு உள்ளக வடிவமைப்புச் செய்கிற இரண்டு பேருக்கும் கீறிக் கொடுக்கிறேன். அதனால் வித்தியாசத்தைப் படத்தை வைத்தே சொல்கிறேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

கட்டடக் கலைஞரின் படம் காணியில் தொடங்கும். வடக்கு எது, ஒழுங்கை எந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக் கிணறு மதிலிலிருந்து எத்தனை அடி. எங்கள் சேர், அதாவது நான் வேலை பழகின அந்தக் கட்டடக் கலைஞர், வெறும் தாளில் முதலில் குறிப்பது கிணற்றையும் மலக்குழியையும்தான், அறைகள் எல்லாம் அதற்குப் பிறகு. யாழ்ப்பாணத்து மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். குழிக்குள் விட்டது கல்லின் வெடிப்புகளுக்கால் இறங்கி நிலத்தடி நீரோடு சேரும், நாங்கள் அள்ளிக் குடிப்பதும் அதே தண்ணீர். 2 பரப்பு என்றால் 20 பேர்ச். உங்கள் கிணறு, உங்கள் குழி, இரண்டு பக்கத்து அயலவரின் கிணறும் குழியும் என்று எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று தள்ளி வைக்கப் பார்த்தால், வீடு எந்த மூலையில் வர வேண்டும் என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

அடுத்தது காற்றும் வெயிலும். சோளகம் அடிக்கிற மாதங்களில் தென்மேற்கிலிருந்து காற்றோடு புழுதியும் வரும். மாரியில் வாடையோடு சாரல் வரும். மேற்கு வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, எந்த யன்னலுக்கு மேல் எவ்வளவு நீளத்துக்குச் சிலாப்பை வெளியே நீட்டுவது, முற்றம் விடுவதா விறாந்தை வைப்பதா என்பதெல்லாம் அவர் பாடு. எங்கள் பழைய நாற்சார் வீடுகளில் இந்தக் கணக்கெல்லாம் மேசனின் தலைக்குள் இருந்தது. நடுவில் முற்றம், சுற்றிவரச் சார்பு, தலைவாசலில் திண்ணை என்று யாரும் படம் கீறாமலே சரியாக வந்தது. இப்போது பழக்கத்தை நம்ப முடியாது, ஏனென்றால் நாங்கள் கட்டுவது அந்த வீடு இல்லை.

பிறகு தூண், பீம், சிலாப். கம்பிக் கணக்கைப் போடுபவர் சிவில் எஞ்சினியர். ஆனால் அந்தத் தூண் எங்கே நின்றால் வீடு வீடாக இருக்கும் என்று அவரோடு இழுபறிப்படுபவர் கட்டடக் கலைஞர். (எங்கள் ஊரில் இந்த எல்லாரையும் 'எஞ்சினியர்' என்ற ஒரே பெயரால் கூப்பிடுவார்கள். என்னையும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள், நானும் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.) மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ அனுமதிக்குப் போகிற படத்தில், வீதியிலிருந்து விட வேண்டிய இடம், காற்றும் வெளிச்சமும் வருகிற திறப்புகள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். கட்டி முடிந்து சி.ஓ.சி. (அனுமதித்த படத்தின்படிதான் கட்டியிருக்கிறது என்ற சான்றிதழ்) எடுக்கப் போகும்போது படமும் வீடும் ஒத்துப்போக வேண்டும்.

அந்தப் பெயருக்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் 1976ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. 1996இல் வந்த திருத்தத்தோடு பதிவுச் சபையும் வந்தது. பதிவில்லாமல் ஒருவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு 5 வருடம், அதற்குள் போக உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. உள்ளக வடிவமைப்பில் நிலைமை வேறு. முறையாகப் பட்டம் படித்து வந்த கெட்டிக்காரரும் அந்தப் பெயரைப் போடுகிறார், முந்தாநாள் வரை திரைச்சீலை தைத்துக் கொடுத்தவரும் போடுகிறார். திரைச்சீலை தைப்பதில் குறையில்லை, அது அலங்கார வேலை. உள்ளக வடிவமைப்பு அதைவிடப் பெரிய வேலை.

அவர்களுடைய படத்துக்கு வருவோம். அது ஆளில் தொடங்கும். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எத்தனை வயது, யார் இடக்கை, காலையில் குளியலறைக்கு வரிசை பிடிப்பது எத்தனை பேர். கட்டடக் கலைஞருக்கு 1:100இல், அதாவது நூறில் ஒரு பங்காகச் சிறுத்து, வீடு முழுவதையும் ஒரு தாளில் கீறிவிடுவேன். உள்ளக வடிவமைப்பாளருக்கு ஒரு அறைக்கே நான்கைந்து தாள் போகும். நான்கு சுவரையும் முகத்துக்கு நேரே நிற்பது போலத் தனித்தனியாக, 1:20இல் கீற வேண்டும். சுவிட்ச் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், கட்டில் தலைமாட்டுக்கு எந்தப் பக்கம் பிளக், சீலிங்கில் லைட் எந்த இடத்தில், அது மஞ்சள் வெளிச்சமா வெள்ளையா (3000 கெல்வினா 6500 கெல்வினா), அலுமாரிக் கதவு திறந்தால் கட்டிலில் இடிக்குமா.

அளவிலும் இரண்டு பேருக்கும் குணம் வேறு. சுவர் ஒரு சென்ரிமீற்றர் தள்ளிப் போய்விட்டால் மேசனும் கவலைப்பட மாட்டார், கட்டடக் கலைஞரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார், பூச்சில் சரிக்கட்டலாம். அதே ஒரு சென்ரிமீற்றர் சுவரோடு சுவராக வருகிற அலுமாரிக்கு வந்தால், பெட்டி உள்ளே போகாது. அதனால் உள்ளக வேலைக்கு அளவெடுக்கும்போது பூச்சு முடிந்த பிறகுதான் போவோம், ஒரே அகலத்தைக் கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் எடுப்போம். மூன்றும் ஒன்றாக வந்த சுவர் ஒன்றை இந்தப் பதினேழு வருடத்தில் நான் கண்டதில்லை. மூன்றில் குறைந்ததை எடுத்துப் பெட்டி அடித்து, மிச்ச இடைவெளியை ஒரு சட்டத்தால் மறைப்பது வழக்கம்.

பொருட்களைத் தெரிவதும் அவர்கள் வேலைதான், அதில் ஊர் தெரிந்தவரா என்பது முக்கியம். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஒரு குளியலறைக்குக் கறுப்புக் குழாய், கறுப்பு ரைல்ஸ், கண்ணாடித் தடுப்பு என்று போட்டுக் கொடுத்தார். பார்க்க ஹோட்டல் மாதிரி இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு இரண்டு மாதத்தில் எல்லாவற்றிலும் வெள்ளை படிய வைத்துவிட்டது. வீட்டுக்காரர் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் தேசிக்காய்த் தோலோடு நிற்கிறார். அதேபோல எம்.டி.எஃப்., மரநாரைப் பசையோடு அமுக்கிச் செய்த பலகை. தண்ணீர் பட்டால் ஊதிவிடும், குசினித் தொட்டிக்குக் கீழே போட்டால் ஒரு ஒழுக்குப் போதும். ஊரில் வேலை செய்து பழகியவர் அந்த இடத்தில் அதைப் போட மாட்டார்.

இந்தக் கோடு எப்போதும் நேராக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஜெஃப்ரி பாவா முதலில் சட்டத்தரணி, 1957இல்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். அவருடைய கட்டடங்களில் சுவர் எங்கே முடிகிறது, உள் அலங்காரம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது. அதற்காக எல்லாவற்றையும் அவர் தனியே செய்யவும் இல்லை. பத்திக்குக்கு ஈனா டி சில்வா, கைத்தறிக்கு பார்பரா சன்சோனி, சிற்பத்துக்கு லக்கி சேனநாயக்க என்று ஆட்களைக் கூடவே வைத்திருந்தார். எங்கள் யாழ் பொது நூலகத்தையே எடுங்கள். 1959இல் திறந்த அந்தக் கட்டடத்தைச் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வடிவமைத்தார், ஆனால் நூலகம் என்ற வகையில் ஆலோசனை சொல்ல நூலகத் துறையின் எஸ்.ஆர். ரங்கநாதனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்த ஆள், கட்டடம் எழும்ப முதலே மேசையில் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

நாங்கள்தான் அதைத் தலைகீழாகச் செய்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் கோண்டாவில் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்கார அக்கா கனடாவில், எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். சுவர் எழும்பி, மேல் சிலாப்பும் போட்டு, வயரிங்கும் முடிந்த பிறகு உள்ளக வடிவமைப்பாளர் ஒருவரைப் பிடித்தார். அவர் ஹோலையும் சாப்பாட்டறையையும் ஒன்றாக்கி, அழகான முப்பரிமாணப் படம் ஒன்று போட்டு அனுப்பினார். கீறினது நான்தான். அதில் ஒரு தூண் இல்லை. அவர் எடுக்கச் சொன்னார், நான் எடுத்தேன். தூண் என்று அவருக்கும் தெரியும், "கேட்டுப் பார்ப்பம்" என்றார்.

அக்கா அந்தப் படத்தை அப்படியே எங்கள் சேருக்கு அனுப்பி, "இப்பிடி வருமோ சேர்?" என்று கேட்டாராம். சேர் எனக்குக் குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். அவருடைய பதில், "தூணை எடுக்கலாம் பிள்ளை. மேல்மாடியையும் சேர்த்து எடுக்க வேணும்."

கடைசியில் தூண் நின்றது. இன்டீரியர்காரர் அதைச் சுற்றி இடுப்பளவுக்குப் புத்தகத் தட்டு அடித்து, தூணுக்கு மரப்பலகை போர்த்தினார். உண்மையில் நல்லாக வந்தது. வருகிற ஆட்கள் அது முதலிலிருந்தே யோசித்துச் செய்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் சுவிட்ச்சுகளுக்கு அப்படி ஒரு வழி இருக்கவில்லை. கட்டில் வந்த இடத்தில் சுவிட்ச் இல்லை, சுவிட்ச் இருந்த இடத்தில் அலுமாரி. ஏ.சி. தண்ணீர்க் குழாய்க்கு வழி விடவில்லை. பூசின சுவரை வெட்டித் திரும்பப் பூசி, வயர் இழுத்து, மூன்று கிழமைக் கூலி போனது. அதே தூணைப் பேப்பரில் ஒன்றரை அடி தள்ளிப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் போதும், எஞ்சினியருக்குத் திருப்பிக் கணக்குப் பார்க்க ஒரு பின்னேரம் போதும்.

எனவே உங்கள் கேள்விக்கு: இரண்டு தரம் ஒரே வேலைக்குக் காசு கொடுக்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் கட்டுவது சின்ன வீடு என்றால் உள்ளக வடிவமைப்பாளருக்கு முழு ஒப்பந்தம் கொடுக்கவும் தேவையில்லை. இரண்டு மூன்று தரம் வந்து இருந்து பார்ப்பதற்கு மட்டும் காசு பேசி, குசினி, குளியலறை, மின்சாரப் படம் மூன்றையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அதையும் சிலாப்புக்குப் பலகை அடிக்க முதல், கட்டடக் கலைஞரும் இருக்கிற நேரத்தில் செய்யுங்கள். இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்துச் சண்டை பிடித்தால் உங்களுக்கு லாபம். 'டிசைன் இலவசம்' என்று வருபவரிடம் கவனம்; அவர் கூலியைப் பன்ரி கபேட்டின் (குசினி அலுமாரியின்) விலையில் எடுப்பார், படமும் கபேட் விற்கிற மாதிரித்தான் வரும். கட்டடக் கலைஞரிடமும் முதலே கேளுங்கள், உள் வேலையில் எதுவரை தன் கூலிக்குள் அடங்கும் என்று. சிலர் கைபிடி வரை பார்ப்பார்கள், சிலர் பூச்சோடு நின்றுவிடுவார்கள்.

ஒருவரும் இல்லாமல் சமாளிக்க முடியாதா என்றும் கேட்பீர்கள். நான் சமாளித்தேன். என் வீட்டை நானே கீறினேன், இத்தனை பேருக்குக் கீறுகிறவனுக்கு என்ன தெரியாது என்ற நினைப்பு. குசினி மேடைக்கு ஒரு வெளிநாட்டுக் கட்டலொக்கில் இருந்த 36 அங்குலத்தை அப்படியே போட்டேன். அம்மா 4 அடி 10 அங்குலம். குடிபுகுந்து இரண்டாம் நாள் இடியப்பம் பிழிய நின்றபோதுதான் விளங்கியது, மேடையும் அம்மாவின் முழங்கையும் ஒரே உயரம். மேலிருந்து பாரம் கொடுக்காமல் இடியப்பம் பிழிய முடியாதே. மேடை முழங்கையிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே இருக்க வேண்டும் என்று நான் கூட வேலை செய்கிற இன்டீரியர் அக்கா பிறகு சொன்னார். சொல்லும்போது சிரித்தார்.

அம்மா குந்தியிருக்கிற பலகைக்கட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேடைக்கு முன்னால் போட்டு, அதில் ஏறி நின்று பிழிந்தார். ஆறு வருடம் ஆகிறது. மேடையை உடைத்து உயரத்தைக் குறைக்கலாம் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்கிறேன். "பலகை பழகீட்டுது, விடு தம்பி," என்கிறார்.