வாசகர் கேள்வி: தனுஷ்கோடியில் பிறந்தவர்களின் பதிவு எங்கே கிடைக்கும்?

"என் அப்பா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 புயலுக்குப் பிறகு தாத்தா குடும்பத்தோடு தங்கச்சிமடத்துக்கு வந்துவிட்டார். அப்பாயி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்று கேள்வி. நாங்கள் பரம்பரையாகக் கத்தோலிக்கர்கள். அப்பா காலமான பின் எங்களிடம் மிஞ்சியிருப்பது அவருடைய பள்ளி மாற்றுச் சான்றிதழும் தாத்தா வாங்கிய மனையின் கிரயப் பத்திரமும்தான். இங்கிலாந்தில் செவிலியராக இருக்கும் என் மகளுடன் வேலை பார்ப்பவர், 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளில் தன் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடித்துவிட்டாராம். நம் தாத்தாவின் பெயரும் 1931 கணக்கெடுப்பில் இருக்குமே, எங்கே கேட்பது என்று மகள் கேட்கிறாள். வழி சொல்லுங்கள்."
- தங்கச்சிமடம் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இந்தியக் கணக்கெடுப்பில் உங்கள் தாத்தாவைத் தேட வேண்டாம். இங்கிலாந்தில் வீடுவீடாக எழுதிய தாள்களைப் பாதுகாத்து, நூறு ஆண்டு கழிந்ததும் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் வெளிவந்தது அப்படித்தான். (அங்கும் 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942இல் ஒரு தீவிபத்தில் எரிந்துபோயின என்பதை மகளிடம் சொல்லுங்கள்.) நம் நாட்டிலோ தலைகளை எண்ணித் தொகை போட்டபின் தனித்தனித் தாள்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கவில்லை; 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டமும் ஒருவரைப் பற்றி எழுதிய குறிப்பை இன்னொருவர் பார்வையிட இடம் தருவதில்லை. மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளில் ஊரில் எத்தனை வீடு, எத்தனை பேர் என்ற கணக்கு கிடைக்கும், ஆளின் பெயர் கிடைக்காது.

அடுத்தது பிறப்புப் பதிவேடு. இப்போது நடப்பில் இருக்கும் சட்டம் 1969ஆம் ஆண்டினது என்றாலும், சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டிலேயே பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று தனிச்சட்டம் வந்துவிட்டதால், அப்பாவுக்கு மட்டுமன்றித் தாத்தாவுக்கும் பதிவு இருக்கக்கூடும். ஆனால் "இந்தப் பெயருக்கு ஏதாவது இருக்கிறதா?" என்று போய் நின்றால் இல்லை என்ற பதிலோடுதான் திரும்புவீர்கள். என் சொந்த வேலையாக இப்படியொரு பழைய ஏட்டைப் புரட்டியபோது, பிள்ளையின் பெயர் எழுத வேண்டிய பத்தி வரிசையாக வெறுமையாகவே இருந்தது. பக்கத்தில் "ஆண்", அதற்கடுத்துத் தகப்பன் பெயர், தொழில் "மீன்பிடி", தகவல் சொன்னவர் தலையாரி, அவ்வளவுதான். பிள்ளை பிறந்த சில நாட்களில் தலையாரி சொல்லிக் கணக்கப்பிள்ளை எழுதியது அது. பெயர் வைத்ததை யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை. ஆகவே விண்ணப்பத்தில் தகப்பன் பெயர், ஊர், உத்தேசமான ஆண்டு ஆகியவற்றை முன்னால் எழுதி, முன்னும் பின்னுமாக ஐந்து ஆண்டுகளுக்குத் தேடித் தரும்படி கேளுங்கள். கிராமத்துப் பழைய ஏடுகள் சார்பதிவாளர் அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ இருக்கும். எங்கே என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம். தேடிப் பார்க்கக் கோருவது சட்டம் தரும் உரிமை. தாத்தாவுக்குப் புதிதாகவே சான்று எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் தரகருக்கு மட்டும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

உங்கள் குடும்பத்துக்கு இதைவிட நல்ல இடம் கோயில். நான் சொல்வது பங்குக் கோயிலின் ஞானஸ்நான ஏட்டை. அரசாங்க ஏட்டில் பெயரில்லாமல் கிடக்கும் பிள்ளைக்கு இங்கே பெயர் உண்டு. பெற்றோர், ஞானப் பெற்றோர், பிறந்த நாள், தண்ணீர் ஊற்றிய நாள் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். ஓரத்தில் பிற்காலத்தில் சேர்த்த சின்னக் குறிப்பு ஒன்று இருந்தால் அதைத் தவற விடாதீர்கள், அந்தப் பிள்ளை வளர்ந்து எந்தப் பங்கில் யாரைக் கல்யாணம் செய்தது என்பது அதில் இருக்கும். அங்கிருந்து அடுத்த கோயிலுக்குப் போகலாம். ஒரே சிக்கல், பழைய ஏடுகளைச் சாமியார்கள் லத்தீனில் எழுதிவைத்தார்கள். ஊரெல்லாம் சூசை என்று கூப்பிட்டவர் அங்கே யோசேபுஸ். இராயப்பன் பெத்ருஸ் ஆகிவிடுவார், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னஸ். நம் ஊர்ப் பெயரோடு இந்த லத்தீன் பெயரையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். தனுஷ்கோடிக் கோயில் இன்று சுவராக நிற்கிறது என்பதால் ஏடும் போயிருக்கும் என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். அந்தக் காலத்தில் தனுஷ்கோடி எந்தப் பங்கைச் சேர்ந்திருந்தது என்பதை மறைமாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். திருவிழா நாட்களில் போகாதீர்கள், யாருக்கும் நேரம் இருக்காது.

கையில் இருக்கும் கிரயப் பத்திரத்தைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். விற்றவர், வாங்கியவர் இருவரையும் "இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்று தகப்பன் பெயரோடு குறிப்பது பத்திர எழுத்தர்களின் வழக்கம் என்பதால், உங்கள் பூட்டனாரின் பெயர் அதிலேயே இருக்கும். "பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு", அதாவது முன்னோர் வழியாக வந்த சொத்து, என்று வேறு பத்திரம் ஏதாவது கிடைத்தால் இன்னும் ஒரு தலைமுறை மேலே ஏறலாம். 1948க்கு முந்தைய அரசு நில ஆவணங்கள் கிடைக்கும் என்று அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். 1803 முதல் இந்த ராமநாதபுரம் சீமை சேதுபதிகளின் ஜமீனாக இருந்து, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்த பிறகுதான் அரசே நிலத்தை அளந்து குடியானவர்களுக்கு நேரடியாகப் பட்டா கொடுத்தது. இன்னொன்று: ராமநாதபுரம் மாவட்டம் உருவானதே 1910இல்தான். அதற்கு முந்தைய காகிதங்களை மதுரை மாவட்டத்தின் பெயரில் தேட வேண்டும்.

அப்பாயி பக்கம் எனக்கு நம்பிக்கை அதிகம். தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளின் விவரத்தைத் தோட்டத் துரை பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி அங்கே இருந்தது. இலங்கைப் பிறப்புச் சான்றில் தந்தை பிறந்த இடத்துக்கும் இனத்துக்கும் தனிப் பத்தி உண்டு. அந்த ஒரு சொல்லில் அவர்கள் இங்கே எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள் என்பது தெரிந்துவிடலாம். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வதற்காக 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி உறவினர் யாராவது பிற்பாடு வந்திருந்தால், தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை அவர்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றுச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். கையைத் தலைக்கு மேலே போட்டு மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்லிப் பள்ளியில் சேர்த்த காலம் அது. எட்டினால் ஐந்து வயது என்று கணக்குப் போட்டு வாத்தியாரே ஒரு தேதியை எழுதிக்கொள்வார். கோயில் ஏட்டில் வேறு தேதி கண்டால் நான் கோயில் ஏட்டைத்தான் எடுத்துக்கொள்வேன். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் இரண்டு பேர் வருவார்கள் என்பதால், மனைவி பெயரையும் சேர்த்துப் பார்த்த பிறகே இன்னார் என்று முடிவு செய்யுங்கள்.

அப்பாவின் கூடப்பிறந்த அத்தைமார் யாராவது இருந்தால், இந்த அலுவலகங்களுக்கெல்லாம் முன்பாக இந்த வாரமே அவர்கள் முன் போய் உட்காருங்கள். எந்த ஆண்டு என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. டிசம்பர் 22 இரவு புயலடித்தபோது வீட்டில் யார் யார் இருந்தார்கள், கைக்குழந்தை யார், யாருக்குக் கல்யாணம் முடிந்திருந்தது, தண்ணீர் ஏறியபோது யார் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் வரிசையிலேயே எழுதிக்கொண்டு, அந்தத் தாளோடு பங்குக் கோயிலுக்குப் போங்கள்.