கவுன்சிலுக்கு எழுதினால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களா?

நாலு வயது மகன் இன்னும் சரியாகக் கதைக்கவில்லை, நேர்சரியில் கவுன்சிலுக்கு (இங்கே இங்கிலாந்தில் உள்ளூராட்சி சபை) எழுதச் சொல்கிறார்கள், எழுதினால் சோசல் சேர்விஸ் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்று சொந்தக்காரர் பயமுறுத்துகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுங்கள். இந்தக் கிழமையே எழுதுங்கள். இதே பயத்தில் ஒன்றரை வருடத்தைத் தொலைத்தவள் நான், அதனால்தான் இரவு பதினொரு மணிக்கு இருந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊகிக்க முடிகிறது. ஊரிலிருந்து யாராவது போனில், "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைக்கும், உன்ர மாமாவும் அஞ்சு வயசிலதான் வாய் திறந்தவர்" என்று சொல்லியிருப்பார்கள். கணவர் "பொறுத்துப் பார்ப்பம்" என்றிருப்பார். பிள்ளை நித்திரையான பிறகு நீங்கள் மட்டும் முழித்திருந்து போனில் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது.

முதலில் அந்தப் பயம். நாங்கள் கவுன்சில் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் உள்ளே பல குழுக்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டுமா என்று பார்ப்பது சென்ட் (SEND) குழு. கல்வி உளவியலாளரை அனுப்புவதும் அவர்கள்தான். பல இடங்களில் பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கே விளையாட்டுச் சாமான் பையோடு வந்து, அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற போர்ட்டேஜ் என்ற சேவை இருக்கிறது. பள்ளி வரவு குறைந்தால் கடிதம் போடுவது வேறு குழு. கவுன்சில் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளின் படிப்பைப் பார்க்க வேர்ச்சுவல் ஸ்கூல் என்று ஒன்று. பிள்ளைக்கு ஆபத்து என்று தகவல் வந்தால் விசாரிக்கும் சமூகப் பணியாளர்கள், அதாவது நீங்கள் பயப்படுகிற சோசல் சேர்விஸ், இன்னொரு பக்கம். இவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்கவே மாட்டார்கள் என்று பொய் சொல்லமாட்டேன், தேவைப்பட்டால் கதைப்பார்கள். ஆனால் பெற்றோர் சம்மதிக்காவிட்டால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கவுன்சில் ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக முடியாது. அவசர ஆபத்தில் பொலிஸுக்கு மட்டும் 72 மணிநேரம் வரை அந்த அதிகாரம் இருக்கிறது. பேச்சு வரவில்லை, உதவி தாருங்கள் என்று கேட்பது ஆபத்துக் கணக்கில் வராது.

சரி, எங்கள் கதை.

2017 செப்டம்பரில் மகன் நேர்சரிக்குப் போனான், மூன்றரை வயது. இரண்டு மாதத்தில் ரீச்சர் கூப்பிட்டு, வீட்டில் என்ன மொழி என்று கேட்டா. தமிழ் என்றோம். "அதுதான் காரணம், இனி ஆங்கிலத்தில் மட்டும் கதையுங்கள்" என்றா. நல்ல மனதோடுதான் சொன்னா, அதை இன்றைக்கும் சொல்வேன். நாங்களும் கேட்டோம். எனக்கு அப்போது வேலையிடத்துக்குப் போதுமான ஆங்கிலம்தான். பிள்ளையைக் கொஞ்சுவதற்கான ஆங்கிலம் என்னிடம் இல்லை. ஆறு மாதம் அந்த அரைகுறை ஆங்கிலத்தில் அவனோடு கதைத்தேன், அதாவது பாதி நேரம் பேசாமலே இருந்தேன். அவனிடம் அதுவரை இருந்த "தண்ணி", "அம்மம்மா", "வேண்டாம்" மூன்றும் ஒவ்வொன்றாகப் போயின. பிறகு பேச்சுச் சிகிச்சையாளர்தான் தலையில் கையை வைத்துக்கொண்டு, உங்களுக்கு வடிவாக வருகிற மொழியில் கதையுங்கள், இரண்டு மொழியால் பேச்சு பிந்துவதில்லை என்று சொன்னா.

இதைச் சட்டமே சொல்கிறது என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள் குடும்பங்கள் சட்டத்தில், 20ஆம் பிரிவு: வீட்டில் வேறு மொழி பேசுகிறார்கள் என்பதை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குக் கற்றல் சிரமம் இருக்கிறது என்று கொள்ளக்கூடாது. மறுபக்கத்தையும் பாருங்கள். உண்மையான சிரமம் இருக்கிற பிள்ளையை "ஆங்கிலம் வந்ததும் சரியாகிவிடும்" என்று ஓரமாக வைத்துவிடுவதும் எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கிறது. எங்களுக்கு நடந்தது அதுதான்.

2018 செப்டம்பரில் ரிசெப்ஷன், பள்ளிக்கூடத்தின் முதல் வகுப்பு. மேசைக்குக் கீழே போய் இருந்துவிடுவான். மண்டபத்தில் சத்தம் என்றால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். கிழமையில் இரண்டு தரம் காலை பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வரும், இன்றைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று. நான் கடையில் காசாளர் வேலை, ஒவ்வொரு தரமும் கெஞ்சிக்கொண்டு ஓடுவேன், கடைசியில் என் வேலை நேரத்தையே குறைத்தார்கள். அப்படி முறையாகப் பதியாமல் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது சட்டப்படி பிழை, தாய் தகப்பன் சம்மதித்தாலும் பிழை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் சப்பாத்துப் போடவே மறுப்பான். வரவு விழுந்தது. டிசம்பரில் கவுன்சில் சின்னம் போட்ட கடிதம் வந்தது, வரவு அதிகாரி வீட்டுக்கு வருவதாக. இரண்டு நாள் வீட்டைக் கழுவினேன். படங்களுக்கு முன்னால் இருந்த விளக்கைக்கூட எடுத்து வைத்துவிட்டேன், நெருப்பு ஆபத்து என்று எழுதிவிடுவாவோ என்று. வந்த அம்மா கதிரையில் இருந்து வரவுத்தாளை விரித்து, பாதி நாள்களுக்கு நேரே பேனையை வைத்து, "இந்த நாள்களில் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னது யார்?" என்று கேட்டா. பள்ளிதான் என்றேன். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கடித உறையின் பின்பக்கத்தில் இரண்டு விஷயம் எழுதித் தந்தா: சென்ட் குழுவின் ஈமெயில், பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் சென்டியாஸ் (SENDIASS) சேவையின் போன் நம்பர். இந்தப் பிள்ளைக்கு ஈ.எச்.சி. (EHC) மதிப்பீடு கேளுங்கள், என்ன கூடுதல் உதவி தேவை என்று கவுன்சில் பார்க்கிறது அது, பள்ளி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், தாயே நேரே கேட்கலாம் என்றா. யாரைக் கண்டு அவ்வளவு காலமும் நடுங்கினேனோ அந்தக் கவுன்சில் ஆள்தான் எனக்குக் கதவைத் திறந்துவிட்டது.

(வரவுக் குழு எல்லாருக்கும் இப்படி இருக்கும் என்று சொல்லவரவில்லை. கலியாணத்துக்கு ஊருக்குப் போவதற்காகப் பாடசாலை நாள்களில் பிள்ளையை மறித்தால் அபராதம் வரலாம். 2024 ஆகஸ்ட் முதல் 80 பவுண், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. தாய்க்கு வேறு தகப்பனுக்கு வேறு, ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு.)

2019 பெப்ரவரியில் ஈமெயில் போட்டேன். கேட்ட நாளிலிருந்து ஆறு கிழமைக்குள் மதிப்பீடு செய்வதா இல்லையா என்று கவுன்சில் சொல்லவேண்டும், செய்து தேவை என்று கண்டால், என்ன உதவி என்று எழுதிய ஈ.எச்.சி. பிளான் கேட்ட நாளிலிருந்து இருபது கிழமைக்குள் கையில் வரவேண்டும். அதுதான் சட்டம். ஆறாம் கிழமை முடிய இரண்டு நாள் இருக்கும்போது "இல்லை" என்று பதில் வந்தது. பள்ளி தன் பணத்தில் செய்யவேண்டியதை இன்னும் செய்து முடிக்கவில்லையாம். ஒரு பிள்ளையின் கூடுதல் உதவிக்கு முதல் 6,000 பவுண் வரை பள்ளிதான் போடவேண்டும் என்பது கணக்கு. பள்ளியைக் கேட்டால் காசில்லை, கவுன்சிலைக் கேட்டால் பள்ளியைக் கேள். நடுவில் மேசைக்குக் கீழே என் பிள்ளை.

அன்றைக்குத்தான் சென்டியாஸுக்குப் போன் பண்ணினேன். எல்லாக் கவுன்சில் பகுதியிலும் இது இருக்கிறது, காசில்லை, பக்கம் சாராமல் ஆலோசனை சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேளுங்கள், நான் வெட்கத்தில் கேட்காமல் பாதி விளங்காமல் தலையாட்டினேன். மறுப்புக் கடிதத் திகதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் ட்ரிப்யூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்கும் கட்டணமில்லை, முதலில் மத்தியஸ்த ஆலோசகரோடு கதைத்து ஒரு சான்றிதழ் வாங்கவேண்டும், அவ்வளவுதான் என்று விளக்கினார்கள். போனோம். விசாரணைக்கு மூன்று கிழமை இருக்கக் கவுன்சில் தானே இறங்கிவந்து மதிப்பீடு செய்கிறோம் என்றது. எங்களுக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை இது. 2022-23இல் ட்ரிப்யூனல் தீர்ப்புச் சொன்ன வழக்குகளில் 98 சதவீதம் பெற்றோர் பக்கம்தான் போயிருக்கிறது. அப்படியென்றால் முதல் கடிதத்திலேயே "ஆம்" என்றிருக்கலாம் அல்லவா? எத்தனை தாய்மார் அந்த முதல் "இல்லை"யோடு கடிதத்தை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள்?

கல்வி உளவியலாளர் வந்தது ஒக்டோபரில். காலை முழுக்க வகுப்பில் தரையில் இருந்து அவனைப் பார்த்திருக்கிறா. பள்ளியின் அறிக்கையில் "ஐந்து வரை எண்ணத் தெரியாது" என்று இருந்தது. பின்னேரம் எனக்குப் போன் எடுத்து, உங்கள் மகன் கோட் கொழுவும் இடத்தில் நின்று ஒவ்வொரு கொளுக்கியாகத் தொட்டுத் தொட்டு ஏதோ சொன்னான், கேட்டபடி எழுதி வைத்திருக்கிறேன், என்னவென்று சொல்லமுடியுமா என்று கேட்டு வாசித்தா. "ஒண்டு, ரெண்டு, மூண்டு." முப்பது கொளுக்கி, முப்பதும் சரி. அம்மம்மா படி ஏறும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணுவா. அதில் பிடித்திருக்கிறான். போனை வைத்துவிட்டுக் குசினி நிலத்தில் இருந்து அழுதேன்.

அந்த ஒரு வரி பிளானில் ஏறியது. 2020 ஜனவரியில் பிளான் கிடைத்தது. முதல் வரைவில் உதவி என்ற இடத்தில் "தேவைக்கேற்ப, இயன்றபோது" என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். வரைவு வந்தால் கருத்துச் சொல்ல உங்களுக்கு 15 நாள். எஃப் என்ற பகுதியை ஒவ்வொரு சொல்லாக வாசியுங்கள், அதில் எழுதியதைத்தான் கவுன்சில் செய்தே தீரவேண்டும். எத்தனை மணிநேரம், யார், கிழமைக்கு எத்தனை தரம் என்று இலக்கம் இருக்கவேண்டும். நாங்கள் மாற்றக் கேட்டோம், மாற்றினார்கள். மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளிகள் மூடினபோது, பிளான் இருந்ததால் அவன் பள்ளிக்குப் போகமுடிந்தது.

"கவுன்சிலைப் புகழ வந்துவிட்டா" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: இல்லை. 2024இல் இங்கிலாந்தில் இருபது கிழமைக்குள் வந்த பிளான்கள் பாதிகூட இல்லை, 46 சதவீதம். எங்கள் வழக்கு அதிகாரி இரண்டு வருடத்தில் நாலு தரம் மாறினா, ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். உளவியலாளர்களும் காணாது, காசும் காணாது. அதெல்லாம் உண்மை. ஆனாலும் பயந்து கேட்காமல் விட்டால் அந்த 46க்குள்ளும் உங்கள் பிள்ளை வராது. நான் சொன்னதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸில் சட்டம் வேறு.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் ஆறவில்லை. பிளான் கிடைத்த வருடம் அவனை ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தமிழில் முப்பது வரை எண்ணும் பிள்ளை, அங்கே சந்தோசமாக இருப்பான் என்று நினைத்தேன். இரண்டாம் கிழமை என்னை வெளியே கூப்பிட்டு, "மற்றப் பிள்ளையள் குழம்புதுகள் அக்கா, கொஞ்சம் வளரட்டும்" என்றார்கள். நானும் ஒரு பக்கத்தில் இருக்கிறேன் என்றேன், ஆண்டு விழாவுக்குப் பயிற்சி நடக்கிறது, இடமில்லை என்றார்கள். வெள்ளைக்காரப் பள்ளியோடு சண்டை பிடிக்கச் சட்டம் இருந்தது, கடிதம் எழுத முகவரி இருந்தது. எங்கள் ஆட்களிடம் நான் எதைக் காட்டுவது? திருவிழாவில் அவன் காதைப் பொத்திக்கொண்டு நின்றால் "வளர்ப்பு" என்று காதுபடச் சொல்கிறவர்களிடம் எந்தப் பிரிவைக் காட்டுவது? அங்கே தொண்டர்கள்தான், சம்பளமில்லாமல் வருகிறார்கள், எல்லாம் தெரியும். ஆனாலும் அந்தக் கதவடியில் நின்றது ட்ரிப்யூனலை விட எனக்கு வலித்தது.

இப்போது அவனுக்குப் பதினொரு வயது. போன செப்டம்பரில் பெரிய பள்ளிக்குப் போனான். சாதாரணப் பள்ளிதான், உள்ளே ஒட்டிசம் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. தனியாக நடந்து போகமுடியாது என்பதால் கவுன்சில் மினிபஸ் அனுப்புகிறது. காலை 7.35க்கு வாசலில் நிற்கும், நானும் வேலைக்குப் போகிறேன்.

உங்கள் ஈமெயிலில் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பள்ளி. 2014 சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி ஈ.எச்.சி. மதிப்பீடு கேட்கிறேன் என்ற ஒரு வரி. என்ன முடியவில்லை என்பதை நடந்தது நடந்தபடி, திகதியோடு எழுதுங்கள். போனில் யார் என்ன சொன்னாலும் "நீங்கள் சொன்னது இது" என்று அன்றைக்கே ஒரு ஈமெயில் போட்டுவிடுங்கள். அப்புறம், அவன் வீட்டில் தமிழில் என்ன சொல்கிறான், எதை எண்ணுகிறான், எந்தப் பாட்டுக்குத் திரும்பிப் பார்க்கிறான் என்பதையும் எழுதுங்கள். என் முதல் கடிதத்தில் நான் எழுதாமல் விட்டது அதைத்தான்.