கோடையில் கூட்டை அடைத்தால் கோழி புழுங்கிச் சாகிறது, திறந்தால் மரநாய் தூக்குகிறது: என்ன செய்வது?

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் 15 நாட்டுக்கோழி வளர்ப்பதாகவும், சித்திரை பிறந்ததிலிருந்து கீரிக்கும் மரநாய்க்கும் நான்கைப் பறிகொடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீடு உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. இதே கஷ்டத்தை நான் பட்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இருப்பது இரண்டு பிரச்சினை இல்லை, ஒன்றுதான். கூடு சூடாக இருப்பதால்தான் கோழி மரநாயிடம் மாட்டுகிறது.

நான் இதைப் புரிந்துகொள்ள ஒரு அக்னி நட்சத்திரம் முழுக்க ஆனது. அப்போது எங்கள் கூட்டுக்குத் தகரக் கூரை. ஆறு மணிக்குக் கோழிகள் கூட்டு வாசல் வரை வரும், தலையை உள்ளே நீட்டிப் பார்க்கும், திரும்பிப் போய் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். விரட்டிப் பிடித்து அடைப்பேன். ஒரு நாள் விட்டுவிட்டேன். விடிந்து பார்த்தால் மரத்தடியில் ஒரே இறகு, இரண்டு பெட்டை இல்லை. மரநாய் மரம் ஏறுவதில் பூனையையே தோற்கடிக்கும். மறுநாள் கோபத்தில் கூட்டைச் சுற்றிச் சாக்கு கட்டி அடைத்துவிட்டு, ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டேன். மூன்று மணிக்குத் திரும்பினால் நான்கு கோழி கிடந்தது. அலகு திறந்தபடி, இறக்கை இரண்டும் உடம்பை விட்டு விலகியபடி. கையில் எடுத்தபோது நெஞ்சு இன்னும் கொதித்தது.

அப்பத்தா ஒன்றுதான் சொன்னார்: "அந்தக் கூட்டுக்குள்ள நீ அரைமணி நேரம் உட்கார்ந்து பாரு. அப்புறம் கோழியைத் திட்டு."

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரிக்கு மேல். வெயிலில் பெரும்பாலும் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றுகிறது. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அந்த மூச்சும் சரியாக வேலை செய்யாது. உள்ளூர்க்காரர்கள் இறுக்கம் என்று சொல்கிற புழுக்கம் கோழிக்கும் உண்டு.

ஆகவே கூடு காற்றுக்குத் திறந்தும் பல்லுக்கு மூடியும் இருக்க வேண்டும். தகரத்தை எடுத்துவிட்டுப் பனையோலை வேயுங்கள். கச்சான் காற்று வரும் தென்மேற்குப் பக்கமும் அதற்கு எதிர்ப்பக்கமும் சுவரே வேண்டாம், அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை) போதும். அறுகோணக் கண் உள்ள சாதாரணக் கோழி வலை நாய்க்கே தாங்காது, கடித்துக் கிழித்துவிடும். அதன் கண் வழியாகப் பாம்பும் உள்ளே வரும். இன்னொரு விஷயம், உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். தரையை ஒட்டிய பகுதிதான் முதலில் இற்றுப்போகும். மாதம் ஒரு தடவை விரலால் அழுத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் கீரி நுழைந்தது அப்படி இற்றுப்போன ஒரு மூலை வழியாகத்தான்.

நம் ஊர் மணலில் தோண்டுவது மிக எளிது. மெஷ்ஷைச் செங்குத்தாகக் கொஞ்சம் புதைத்தால் போதாது. கூட்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்குப் படுக்கையாக விரித்து, மேலே மணலைத் தள்ளி, உடைந்த ஓடுகளை அடுக்குங்கள். நாயோ பெருச்சாளியோ சுவர் ஓரத்தில்தான் தோண்ட ஆரம்பிக்கும், காலடியிலேயே கம்பி தட்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓலை மேல் இரண்டு குடம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுங்கள். கூட்டுக்குள் ஊற்றக்கூடாது, எச்சம் நனைந்து புழுக்கம் கூடும். ஓலை குளிர்ந்ததும் அரை மணியில் கோழி தானாகவே ஏறும். இருட்டும் முன் எண்ணிப் பார்த்துத் தாழ்ப்பாள் போட்டு, அதில் ஒரு கொக்கியும் மாட்டுங்கள்.

பகல் வேறு கதை. கீரி பகலில்தான் வேட்டையாடும். கோழி நிழல் தேடிச் சீமைக்கருவேலம் புதருக்குள் போகிறதே, அங்கேதான் அது காத்திருக்கும். முற்றத்திலேயே ஓலைப் பந்தல் போட்டு, அடியில் மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் கோழி புதர்ப்பக்கம் போகாது. உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வைக்காதீர்கள், கழிச்சல் வரும். குடம் காசு கொடுத்து வாங்கும் ஊரில் கோழிக்கும் நல்ல தண்ணீரா என்று தோன்றும், தெரியும். கோடையில் அதுதான் அதன் உயிர். தீனியைக் காலை ஆறு மணிக்கும் பொழுது சாயும்போதும் வையுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம். செரிக்கும்போது உடம்புச் சூடு இன்னும் ஏறும்.

குஞ்சுகளுக்குப் பருந்தும் காகமும்தான் எமன். பக்கத்தில் கருவாடு காயப்போடும் இடம் இருந்தால் இரண்டும் நாள் முழுக்க அங்கே வட்டமிடும். குஞ்சு விடும் இடத்தின் மேல் பழைய வலையைக் கட்டலாம், ஆனால் தங்கூசி வலை (மெல்லிய ஒற்றை இழை நைலான் மீன்வலை) வேண்டாம். கோழியின் காலில் சுற்றி அறுத்துவிடும். தடித்த நைலான் வலையாகப் பார்த்து, தரையில் தொங்காமல் உயரத்தில் கட்டுங்கள். தாய்க்கோழியின் குரலையும் கவனியுங்கள். வானத்தில் ஆபத்து என்றால் ஒரே இழுப்பாகக் கத்தும், தரையில் என்றால் விடாமல் கொக்கரிக்கும். கொஞ்ச நாளில் அடுப்படியில் இருந்தபடியே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

யாராவது விஷம் வை, கண்ணி வை என்பார்கள். செய்யாதீர்கள். கீரி 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள பிராணி. விஷத்தைத் தின்பது கீரியாகத்தான் இருக்கும் என்பதும் நிச்சயமில்லை, தெருநாயும் உங்கள் கோழியுமே தின்னலாம்.

ஓலை வேய ஆள் கிடைக்க நாளாகும் என்றால், இன்றைக்கே தகரத்தின் மேல் பனைமட்டையை நெருக்கமாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். வாயைத் திறந்து தள்ளாடும் கோழி இருந்தால் நிழலுக்குக் கொண்டு போய், இரண்டு காலையும் தண்ணீரில் நிறுத்தி, கொண்டையை நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், பானைத் தண்ணீர் போதும்.