ஓரிக்ஸா, சி-130ஆ: முதலில் எதைக் கேட்பது?

அன்புள்ள தம்பி, வணக்கம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு அருகில் இருக்க வேண்டி, தென்னாப்பிரிக்க விமானப்படையின் டர்பன் பிரிவான 15ஆம் ஸ்குவாட்ரனில் முதலில் ஓரிக்ஸ் ஹெலிகாப்டர் ஓட்டிவிட்டுப் பிறகு பிரிட்டோரியா அருகே உள்ள வாட்டர்க்ளூஃப் தளத்தில் சி-130 ஹெர்குலிஸ் சரக்கு விமானத்துக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறலாம், ஆனால் அது எளிதாக இருக்கும் என்று நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஹெர்குலிஸ் விமானங்கள் 1963இல் நம் விமானப்படைக்கு வந்தவை. இன்று பறக்கும் நிலையில் உள்ளவை மிகச் சிலவே என்பதால், அங்கே இடம் கிடைத்தாலும் பறந்த மணிநேரம் சேர்வது மெதுவாகவே இருக்கும். ஓரிக்ஸில் மலைமீட்பு, வெள்ளமீட்பு, காங்கோவில் நடந்தது போன்ற ஐ.நா. பணி என்று விமானியின் முடிவெடுக்கும் திறனைச் சோதிக்கும் வேலைகள் பல உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த ஹெலிகாப்டர்கள் நம் மாகாணத்துக்குச் செய்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என்னைக் கேட்டால், இளம் அதிகாரி ஒருவருக்கு அதைவிட நல்ல பள்ளி இல்லை.

ஆனால் பின்னாளில் பயணிகள் விமானம் ஓட்டும் எண்ணம் இருந்தால், இதை இப்போதே எண்ணிப் பாருங்கள். சர்வதேச விதிப்படி, விமானத்துக்கான ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு, அதாவது பயணிகள் விமானத்தின் தலைமை விமானிக்கு வேண்டிய உரிமத்துக்கு, 1,500 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். ஹெலிகாப்டர் மணிநேரங்கள் அதில் ஓரளவே கணக்கில் சேரும். அதனால் லாங்கபான்வெக் பயிற்சித் தளத்தில் பி.சி.-7 பயிற்சி விமானத்தில் பறந்த மணிநேரங்களின் பதிவேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

விருப்பப் படிவத்தில் கையெழுத்திடும் முன், ஹெலிகாப்டரிலிருந்து விமானத்துக்கு மாற மறுபயிற்சி பெற்றால் கட்டாயச் சேவைக்காலம் எவ்வளவு நீளும் என்பதை எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள்.