போனில் 24 கி.மீ. காற்று, தோட்டத்தில் விழுந்த ஏத்தன்

கேள்வி: பணகுடிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் ஏத்தன் வாழை போட்டிருக்கிறேன். குலை தள்ளி ஒரு மாதம் ஆகிறது. போனில் காற்று 24 கி.மீ. என்றுதான் காட்டியது. அதை நம்பிக் கம்பு கொடுக்காமல் விட்டுவிட்டேன். மறுநாள் மதியத்துக்குள் முப்பது வாழை போய்விட்டது. இனி இந்தக் கணிப்பை நம்பலாமா?

பதில்: அண்ணாச்சி, குலையோடு வாழை கிடப்பதைப் பார்க்கிற வேதனை எனக்கும் தெரியும். முதல் வேலையாக, நிற்கிற வாழைக்கு இன்றே கம்பு கொடுங்கள். இப்போது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசுவது; மரம் கிழக்கே சாயும். அதனால் கிழக்குப் பக்கம் ஊன்றி, கழுத்துக்குக் கீழே தாங்கக் கொடுக்க வேண்டும். குலை வேறு பக்கம் தொங்கினால் அந்தப் பக்கமும் ஒரு கம்பு வேண்டும். காற்று அடிக்கிற நாளில் தண்ணீர் பாய்ச்சாதீர்கள். மண் இளகினால் வேர்ப்பிடி போய்விடும்.

சரி, கணிப்புக்கு வருவோம். அந்த 24 சரியாகவே இருந்திருக்கலாம். தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், சில நிமிடம் வீசும் காற்றின் சராசரி அது. வாழையைத் தள்ளுவது இடையிடையே வந்து அறைகிற வீச்சு. பல செயலிகளில் ‘கஸ்ட்’ என்று பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். சராசரி 24 உள்ள நாளில் வீச்சு 40 வரை போகலாம். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. 24-க்கும் 40-க்கும் நடுவில் மட்டும் விசை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடுகிறது.

அப்புறம், செயலிகள் எடுத்துக்கொள்ளும் உலகக் கணிப்புகள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டம் 9 முதல் 13 கி.மீ. அகலம். அதற்குள் மலையடிவாரமும் பொட்டலும் உங்கள் தோட்டமும் ஒரே எண்ணில் அடங்கிவிடும். நம் ஊர்க் காற்று அப்படி ஒரே சீராக வீசாது. பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருங்கிப் புகுந்து வேகமெடுக்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பது அதனால்தான்.

ஆகவே போன் காட்டும் எண்ணை உங்கள் வயலுக்கு நீங்களே பழக்கிக்கொள்ள வேண்டும். மோட்டார் அறையில் ஒரு நோட்டு வையுங்கள். காலை 7 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் போன் என்ன சொல்கிறது, மரம் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். இலை சலசலத்தால் 6–11 கி.மீ. புழுதியும் காகிதமும் பறந்தால் 20–28. இலையுள்ள சின்ன மரம் முழுதாக ஆடினால் 29–38. பெரிய கிளையே ஆடி, குடை பிடிப்பதே சிரமமானால் 39–49. இருபது நாள் எழுதினால் போதும். ‘போனில் 20 என்றால் நம் மேற்கு வரப்பில் 30’ என்கிற மாதிரி ஒரு கணக்கு பிடிபட்டுவிடும். மருந்து அடிக்கிற நேரத்தையும் அதை வைத்தே முடிவு செய்யலாம்.

அலகையும் கவனியுங்கள். 1 நாட் என்றால் மணிக்கு 1.85 கி.மீ.; நொடிக்கு 1 மீட்டர் என்றால் மணிக்கு 3.6 கி.மீ. ‘மேற்கு’ என்று போட்டிருந்தால் மேற்கிலிருந்து வருகிறது என்று அர்த்தம். வரைபடத்தில் அம்புக்குறி பெரும்பாலும் காற்று போகும் திசையைக் காட்டும், குழம்ப வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வருகிற சூறைக்காற்றுக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது. எந்தத் திசையிலிருந்தும் பத்தே நிமிடத்தில் வந்துவிடும். அதற்கு வானிலைத் துறை அடுத்த மூன்று மணி நேரத்துக்கு விடும் இடிமழை எச்சரிக்கைதான் துணை.

ஒன்று கேட்க வேண்டும். விழுந்தவை வேரோடு சாய்ந்தனவா, நடுத்தண்டில் ஒடிந்தனவா? ஒடிந்த இடத்தில் துளையும் பிசின் போன்ற கசிவும் இருந்தால் தண்டுக் கூன்வண்டு ஏற்கெனவே குடைந்திருக்கிறது. வேரோடு என்றால் கிழங்கை வெட்டி, உள்ளே கறுப்பாகக் குடைவு இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், மீதி மரங்களுக்கு என்ன செய்வது என்று சொல்கிறேன்.